ராஜஸ்தானுக்கு ஒரு மடக்குச் சாளை (குடில்): எந்தப் பலகை எடுக்கலாம்?

#1 வேலந்தாவளத்தான் (ஜூன், இரண்டாம் வாரம்)

எல்லாருக்கும் வணக்கம். சர்வே வேலை செய்கிறேன். பருவமழை முடிந்ததும் ராஜஸ்தானில் பட்லா சோலார் பார்க் பக்கம் நாலு மாத வேலை. 2,245 மெகாவாட், ஏறக்குறைய 14,000 ஏக்கர் என்று படித்திருப்பீர்கள். நேரில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை மணலும் கருநீலக் கண்ணாடியும்தான், ஒரு வேப்பமரம் கிடையாது. அதே பக்கத்தில் இருக்கும் பலோதியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது.

நாங்கள் ஆறு பேர், ஒரு பிக்கப் வண்டி. மதியம் பன்னிரண்டரைக்கு மேல் கருவியில் கண் வைக்க முடியாது. தரை தண்ணீர் மாதிரி அலைபாயும், ஸ்டாஃபில் (அளவு குறித்த நீளக் கம்பு) எண் நிற்காது. நாலு மணி வரை எங்காவது ஒதுங்க வேண்டும். போன தடவை தார்ப்பாயை வண்டியில் கட்டி அடியில் கிடந்தோம். அது அடுப்புக்கு மூடி போட்டது போல ஆனதுதான் மிச்சம். தினமும் இடம் மாறுகிற வேலை, அதனால் கொட்டகை போட முடியாது. இரண்டு பேர் அரை மணியில் நிறுத்தி, கால் மணியில் மடக்கி வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.

மனதில் இருப்பது அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் பர்னிங் மேன் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கட்டும் ஹெக்ஸாயர்ட் என்ற ஆறு பக்கக் குடில். எட்டடிக்கு நாலடி பலகை பன்னிரண்டு போதும். ஆறு பலகை சுவர். மீதி ஆறைக் குறுக்காக வெட்டி, ஜோடி ஜோடியாகச் சேர்த்தால் ஆறு முக்கோணக் கூரை. தூண் இல்லை, சட்டம் இல்லை. நடுவில் எட்டடி உயரம், 166 சதுர அடி இடம். அவர்கள் எடுப்பது இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டிய பாலிஐசோ நுரைப்பலகை. நான் விசாரித்த கடையில் அதைக் கேட்டால் பஃப் பேனலைக் காட்டுகிறார்கள். தெர்மகோல், சன்போர்டு, ஏ.சி.பி. (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு), ப்ளூட் ஷீட் (உள்ளே துளைத்துளையான பிளாஸ்டிக் அட்டை) என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

#2 தகரப்பட்டறை

தம்பி, கஞ்சிக்கோட்டில் பட்டறை வைத்து இருபது வருடம் ஆகிறது. யோசிக்கவே வேண்டாம், ஏ.சி.பி. எடுங்க. வெயில், மழை எதற்கும் அசையாது. பியானோ கீல் வைத்து ரிவெட் அடித்தால் பெட்டி மாதிரி மடங்கும். தெர்மகோல் எல்லாம் கொலு வைக்கத்தான் லாயக்கு.

#3 கடலைக்காடு

பனையோலை. அவ்வளவுதான் என் பதில். எங்கள் தாத்தா கட்டின சாளையில் மே மாதம் மத்தியானம் படுத்தால் போர்வை கேட்கும்.

#4 ஆணியும்_அளவும்

பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன். முதலில் எடையைப் பார்த்துவிடலாம், பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

எட்டுக்கு நாலு பலகை என்றால் ஏறக்குறைய 3 சதுர மீட்டர். ஏ.சி.பி. 3 மி.மீ. சதுர மீட்டருக்கு 4 கிலோவை ஒட்டி வரும், பலகைக்கு 12 கிலோ, பன்னிரண்டுக்கு 140 கிலோ பக்கம். 6 மி.மீ. பிளைவுட்டும் கிட்டத்தட்ட அதே எடை. பஃப் பேனல் பக்கமே போகாதீர்கள். 50 மி.மீ. பேனலில் இரண்டு பக்கமும் அரை மி.மீ. இரும்புத் தகடு இருக்கும், ஒரு பலகையே 30 கிலோ. சன்போர்டு 5 மி.மீ. பார்க்க லேசு, தூக்கினால் 8 கிலோ.

நுரை வகைக்கு வந்தால் கணக்கே மாறும். 25 மி.மீ. தெர்மகோல் பலகை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக்குள். எக்ஸ்.பி.எஸ். (நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் வருமே, கெட்டியாக, உடைத்தால் மணி மணியாக உதிராது) இரண்டரை கிலோ. பாலிஐசோவும் அதே அளவு. 5 மி.மீ. ப்ளூட் ஷீட் 3 கிலோ. ஆக எக்ஸ்.பி.எஸ்.ஸில் மொத்தக் குடிலும் 30 கிலோ. அடுக்கினால் ஒரு அடி உயரம்.

தகரப்பட்டறை அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏ.சி.பி. உறுதிதான், ஆனால் நாலு மி.மீ.க்குள் வெப்பத்தைத் தடுக்க என்ன இருக்கிறது? அதன் உள்பக்கத்தில் கை வைத்தால் வெளிப்பக்கச் சூடு அப்படியே தெரியும்.

#5 மேடைக்கலை

கொலு வைக்கிற ஆள் வந்துவிட்டேன். கொழிஞ்சாம்பாறையில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறேன், பதினாறு வருடமாகத் தெர்மகோலோடுதான் வாழ்க்கை.

தம்பி, எதை எடுத்தாலும் முதலில் பசையைக் கவனியுங்கள். செருப்புக்கு ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசையைத் தெர்மகோலில் தடவினால் சர்க்கரையில் வெந்நீர் ஊற்றினது போல உள்வாங்கிவிடும். எக்ஸ்.பி.எஸ்.ஸும் அதே ஜாதிதான், பெயர் மட்டும் வேறு. ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர் எதுவும் ஆகாது. ஒரு தடவை முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி புதுப் பையன் ஒருவன் எட்டடி அன்னப்பறவைக்குத் தங்க ஸ்ப்ரே அடித்தான். விடிவதற்குள் அன்னம் தேவாங்கு ஆகிவிட்டது. வெள்ளை மரப்பசை, தண்ணீரில் கரைகிற எமல்ஷன் பெயிண்ட், இவைதான் தோது.

சன்போர்டு பற்றியும் ஒன்று. அது பி.வி.சி. நுரை. போன சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு வெயிலில் ஒரு தோரண வாயில் வைத்தோம். ஆர்டர் கொடுத்தவர்கள் கறுப்பு நிறம்தான் வேண்டும் என்றார்கள். மூன்றே மணி நேரத்தில் வில்லாக வளைந்து நின்றது. நம் ஊர் வெயிலுக்கே அந்தக் கதி என்றால் பலோதியில் என்ன ஆகும்?

#6 அஜ்மான்_ரிட்டர்ன்

பதினோரு வருடம் வளைகுடாவில் சைட் சூப்பர்வைசர். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த நேரத்துக்கான ஒதுங்கிடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: நாலு பக்கமும் அடைப்பார்கள். ஏ.சி. இல்லாமல் அடைத்த அறைக்குள் ஆறு பேர் உட்கார்ந்தால் இட்லிச் சட்டிதான். அப்புறம், உங்கள் ஆட்கள் பீடி பிடிப்பார்களா? தெர்மகோல் வகை பற்றினால் உருகிச் சொட்டும், சொட்டே எரியும். பாலிஐசோ கரியாகுமே தவிர அப்படி ஒழுகாது. நுரைக்குள் அடுப்பும் வேண்டாம், பீடியும் வேண்டாம்.

#7 வேலந்தாவளத்தான்

மேடைக்கலை அக்கா சொன்னதைக் கேட்டு வீட்டிலிருந்த தெர்மகோல் துண்டில் ரப்பர் பசை தடவிப் பார்த்தேன். அம்மாடி!

பாலிஐசோ கிடைப்பதாக ஒருவர் சொன்னார், ஆனால் முழு லோடு எடுத்தால்தான் தருவாராம். அதனால் எக்ஸ்.பி.எஸ். பக்கம் சாய்கிறேன். 25 மி.மீ. போதுமா, 50 போடலாமா? அலுமினியத் தாள் ஒட்டட்டுமா?

#8 ஆணியும்_அளவும்

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியே வரும். ஆறு பேர் என்றால் 600 வாட், ஒரு சின்ன ஹீட்டர். அதனால் அஜ்மான் அண்ணன் சொல்வது போலக் கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும். திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் ஒன்றே. பலகையை ஒரு அடி கனத்தில் போட்டாலும் காற்றின் சூடு குறையாது.

அப்படியென்றால் பலகை எதற்கு? கூரையிலிருந்து தலைமேல் இறங்குகிற அனலைத் தடுக்க. தார்ப்பாய்க்கு அடியில் நீங்கள் வெந்தது அதனால்தான். பாய் சூடேறி, அதுவே கணப்பாக மாறி உங்கள் மேல் வீசியது. அந்த அனலை நிறுத்த 25 மி.மீ. நுரையே தாராளம். 50 மி.மீ.க்குக் கொடுக்கும் காசை வேறு இடத்தில் போடுங்கள், எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

அலுமினியத் தாள் வெளியே வேண்டாம். வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும், உண்மைதான். ஆனால் வாங்கின சூட்டை வெளியே விடாது. வெள்ளை பெயிண்ட் சூட்டைக் கொஞ்சம் அதிகம் வாங்கினாலும் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். பக்கத்தில் வேலை செய்கிறவன் கண்ணும் கூசாது. இன்னொன்று, பாலிஸ்டைரீன் நுரை (தெர்மகோல், எக்ஸ்.பி.எஸ். இரண்டும் அதுதான்) 75, 80 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். கறுப்புப் பரப்பு அந்த வெயிலில் அங்கே போய் நிற்கும். ஆகவே வெள்ளைதான். தாள் ஒட்டியே ஆக வேண்டும் என்றால் கூரையின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

#9 தகரப்பட்டறை

சரி, ஏ.சி.பி.யை விட்டுவிடுகிறேன். ஆனால் கீல்? நுரையில் ஸ்க்ரூ பிடிக்காது, ரிவெட் பிடிக்காது. டேப் ஒட்டி மடக்கினால் எத்தனை நாளைக்கு? இதை யாரும் பேசவே இல்லையே.

#10 மேடைக்கலை

அண்ணன் கேட்டது சரியான கேள்வி. நாங்கள் மடக்கு பேக்டிராப் செய்யும்போது டேப்பை நம்புவதே இல்லை. புத்தகம் பைண்ட் செய்வது போலத்தான். காடாத்துணியை ஆறு அங்குல அகலத்துக்குக் கிழித்து (கத்தரிக்கோல் போடாதீர்கள், கிழித்தால்தான் நூல் நேராக வரும்), மரப்பசையில் பாதி தண்ணீர் கலந்து ஊறவைத்து, பலகை ஓரத்தில் மூன்று அங்குலம் இந்தப் பக்கம், மூன்று அங்குலம் அந்தப் பக்கம் ஒட்ட வேண்டும். காய்ந்ததும் தோல் மாதிரி ஆகிவிடும்.

எந்தப் பக்கம் ஒட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். மடக்கும்போது எந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்குமோ அந்தப் பக்கம் துணி வர வேண்டும். அப்போது இரண்டு பலகையையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிவிடலாம். மறுபக்கம் ஒட்ட நேர்ந்தால் நடுவே பலகைக் கனத்தைப் போல இரண்டு மடங்கு இடம் விட வேண்டும், 25 மி.மீ. பலகைக்கு 50 மி.மீ. இல்லாவிட்டால் மடங்கவே மடங்காது, மீறி அமுக்கினால் ஓரம் நசுங்கும். சுவர் ஆறும் விசிறி மாதிரி மடங்க வேண்டும் என்றால் ஒரு கீல் உள்பக்கம், அடுத்தது வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கடைசி மூலையில் கீல் வேண்டாம், கயிறு கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

#11 அஜ்மான்_ரிட்டர்ன்

சுவருக்கு ஏன் நுரை? சுவரில் நிழல்தானே வேண்டும். ப்ளூட் ஷீட் போடுங்கள். அது பாலிபுரொப்பிலீன். ஒரு தோலை மட்டும் பிளேடால் கீறினால் மறு தோலே கீல் ஆகிவிடும், ஆயிரம் தடவை மடக்கினாலும் அறாது. ஷாம்பு பாட்டில் மூடியில் இருக்கிற கீல் அந்த ரகம்தான். பசை எதுவும் அதில் சரியாக ஒட்டாது என்பது ஒரு தொந்தரவு. ஓட்டை போட்டு கேபிள் டை போட வேண்டும். வாங்கும்போது வெயில் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். சாதா ரகம் ஒரே கோடையில் அப்பளமாக நொறுங்கும்.

#12 ஆணியும்_அளவும்

மிச்சப்பட்ட காசை எங்கே போடுவது என்று சொல்கிறேன் என்றேனே, அதற்கு இப்போது வருகிறேன். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் அடிப்படைக் காற்று வேகம் கோயம்புத்தூருக்கு நொடிக்கு 39 மீட்டர், ஜோத்பூருக்கு 47. அது நிரந்தரக் கட்டடத்துக்கான கணக்கு, அதை நாம் தாங்கப் போவதில்லை. அப்படிக் காற்று வந்தால் மடக்கிப் போட்டு மேலே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் சாதாரணமாக மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்றே வைத்துக்கொள்வோம். வேகத்தை நொடிக்கு மீட்டராக மாற்றி, வர்க்கம் எடுத்து, 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 167 நியூட்டன், அதாவது 17 கிலோ அழுத்தம். கூரை மூடுகிற பரப்பு 15 சதுர மீட்டர். மோசமான பக்கம் எடுத்தால் 250 கிலோ மேலே தூக்கப் பார்க்கும். குடில் 35 கிலோ. மீதியை யார் பிடிப்பது?

காசு, யோசனை எல்லாம் நங்கூரத்தில் போகட்டும்.

#13 கடலைக்காடு

ஆடி வரட்டும். பாலக்காட்டுக் கணவாயில் 30 கிலோமீட்டர் சந்துக்குள் மேல்காற்று முழுவதும் புகுந்து வரும். கஞ்சிக்கோட்டில் சும்மாவா காற்றாலை வைத்தார்கள். நம்ம காட்டில் கடலை பிடுங்கி முடிந்திருக்கும், சும்மாதான் கிடக்கும். அங்கே நிறுத்திப் பாருங்கள். நிற்கிறதா பார்க்கலாம்.

#14 வேலந்தாவளத்தான் (ஆகஸ்ட், முதல் வாரம்)

நிற்கவில்லை.

கூரை எக்ஸ்.பி.எஸ்., சுவர் ப்ளூட் ஷீட். கூரைக் கீல்களில் பாதிக்கு அக்கா சொன்ன காடாத்துணி, மீதிக்கு அவசரத்தில் நான் வாங்கின நூலிழை டேப். ஞாயிற்றுக்கிழமை காலை கடலைக்காடு அண்ணன் தோட்டத்தில் நிறுத்தினோம். இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது, பெருமையாக போட்டோவெல்லாம் எடுத்தோம். ஓரடி இரும்பு முளை ஆறு அடித்துக் கயிறு கட்டியிருந்தோம். வாசல் மேற்கே பார்த்து இருந்தது, காற்றோட்டம் வரட்டும் என்று நானே வைத்தது.

பதினொன்றரைக்கு ஒரு வீச்சு வந்தது. முதலில் வாசல் வழியே உள்ளே புகுந்தது. கூரை ஒரு தடவை மூச்சு இழுத்தது போல உப்பியது. தெற்கு முளை உருவிக்கொண்டு வந்தது, அடுத்து இன்னொன்று. பிறகு மொத்தக் குடிலும் மெதுவாகச் சாய்ந்து, உருண்டு, வரப்பைத் தாண்டி, பக்கத்துத் தோப்பில் மூன்றாவது தென்னையில் மோதி நின்றது. கோழிகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் ஓடினோம். யாருக்கும் அடி இல்லை.

உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகப் பார்த்தேன். நடுப்பகுதி எதிலும் ஒரு கீறல் இல்லை, தென்னையில் மோதின பலகையிலும் ஒரு குழிதான். போனதெல்லாம் ஓரம். டேப் ஒட்டின இடத்தில் டேப் முழுசாக இருக்கிறது, நுரையின் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. முக்கோணத்தின் கூர்முனைகள் எலி கடித்தது போல உதிர்ந்துவிட்டன. துணிக் கீல் ஒன்றுகூட அறவில்லை.

ஒரு மாதம் எந்தப் பலகை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். எந்தப் பலகையாக இருந்தாலும் அன்றைக்கு அந்தத் தென்னையில்தான் போய் நின்றிருக்கும்.

#15 கடலைக்காடு

பக்கத்துத் தோப்புக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், ராக்கெட் விட்டீர்களா என்று.

#16 ஆணியும்_அளவும்

வாசல் காற்றுக்கு எதிரே இருந்தால் உள்ளழுத்தம் ஏறும், வெளியே கூரைமேல் இழுப்பு வேறு, இரண்டும் சேர்ந்து தூக்கும். வாசலைக் காற்று மறைவுப் பக்கம் வையுங்கள். எதிர்ப்பக்கச் சுவரின் அடியில் கையகலத் துவாரம் இரண்டு போதும், காற்றோட்டம் வரும்.

முளையை மறந்துவிடுங்கள். மணலில் முளை நிற்காது. காலிச் சிமெண்ட் சாக்கில் அங்கேயே மணலை நிரப்பினால் 50 கிலோ. இரண்டடி குழியில் படுக்கவைத்து, நடுவில் கயிற்றைக் கட்டி மூடிவிட்டால் மேலே இருக்கும் மணலும் சேர்ந்து பிடிக்கும். ஆறு மூலைக்கும் ஆறு. கயிற்றைச் சுவரில் கட்டாமல் கூரை உச்சி வழியாக எதிர் மூலைக்குக் கொண்டுபோங்கள். மூன்று கயிறு, ஆறு முனை. பலகையில் எங்கேயும் கயிற்றுக் கண் வேண்டாம். சாக்குக்குக் குழி வெட்ட நேரம் பிடிக்கும்தான், அரை மணிக் கணக்கு ஒரு மணி ஆகும்.

#17 மேடைக்கலை

ஓரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பலகை முழுவதும் துணி வேண்டாம், எடை ஏறும். ஓரம் மட்டும் நாலு அங்குலம் மடித்து, இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி காடாவை ஒட்டுங்கள், பழைய வேட்டியும் போதும். இரண்டு கோட் பசை, காய்ந்ததும் வெளிச்சுவருக்கு அடிக்கிற வெள்ளை எமல்ஷன். பெயிண்ட்டைத் தவறவிடாதீர்கள். மரப்பசை ஈரத்தில் இளகும், பாலைவனம் என்றாலும் மார்கழிப் பனி இருக்கும்.

கூர்முனைகளை ஒரு அங்குலம் வெட்டி மழுக்கிவிடுங்கள். உச்சியில் வரும் ஓட்டைக்கு ஒரு துணித் தொப்பி போதும். சூடும் அந்த வழியே போகும்.

#18 தகரப்பட்டறை

தொப்பிக்குக் கீழே பிடிக்க ஒரு அலுமினிய வளையம் நான் செய்து தருகிறேன். காசு வேண்டாம், ஏ.சி.பி. என்று சொன்ன பாவத்துக்கு.

#19 வேலந்தாவளத்தான் (நவம்பர், பட்லாவிலிருந்து)

நெட்வொர்க் கிடைக்கும்போது எழுதுகிறேன். குடில் ஐந்து வாரமாக நிற்கிறது, தினமும் மடங்குகிறது. ஆகஸ்டு கடைசியில் மறுபடி கடலைக்காடு அண்ணன் தோட்டத்தில் சாக்கு வைத்துப் பார்த்தோம், அசையவில்லை.

ஆணி சார் சொன்னது அப்படியே. தெர்மாமீட்டரில் உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தலைமேல் அனல் இறங்குவதில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு பேர் குறட்டையே விடுகிறார்கள்.

நம் ஊரில் வைத்துப் பார்த்தபோது தெரியாத ஒன்று, புழுதி. கோதுமை மாவு மாதிரி நைசானது, எங்கே சந்து கிடைத்தாலும் நுழைகிறது. ப்ளூட் ஷீட்டின் குழாய் குழாயான துளைகளில் புகுந்து, முதல் வாரத்திலேயே சுவர் கனம் ஏறியது. மடக்கும்போது மணல் கடிகாரம் போலக் கொட்டும். துளை வாயைத் துணிப்பட்டையால் தைத்து அடைத்தோம். ஏனென்றால் பசையும் ஒட்டாது, டேப்பை ஒட்டினால் அது முதலில் பிடிப்பது புழுதியைத்தான். கூரையின் வெள்ளை இப்போது டீ நிறம், வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைக்கிறோம். தண்ணீர் அருமை தெரிந்த ஊரில் கூரை துடைக்கக் கூச்சமாக இருக்கிறது.

கடலைக்காடு அண்ணனுக்கு ஒரு செய்தி. இங்கே பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் மதியம் எங்களோடு வந்து உட்காருவார். அவர் குடிசையைப் போய்ப் பார்த்தேன். வட்டமான மண்சுவர், மேலே குச்சி, புல் வேய்ந்த கூரை. மூலையே இல்லாததால் காற்று வழுக்கிக்கொண்டு போகிறது. உள்ளே நம் ஊர்ச் சாளைக் குளிர்ச்சி. அதை மடக்கத்தான் முடியாது.

#20 கடலைக்காடு

ஜூனிலேயே சொன்னேன்.

#21 வேலந்தாவளத்தான்

மேடைக்கலை அக்கா, ஒரு உதவி. தென்கிழக்குச் சுவர்க் கீறல் கீல் ஒன்று பிளந்துவிட்டது. பிளேடு இரண்டு தோலையும் தொட்டுவிட்டது போல. அங்கே காடாப் பட்டையை ஓரத்தில் ஓட்டை போட்டுத் தைக்கலாமா, இல்லை அந்தப் பலகையையே மாற்றட்டுமா?

#22 மேடைக்கலை

மாற்ற வேண்டாம் தம்பி. இரண்டு பக்கமும் பட்டை வைத்து, நடுவில் ஷீட் வர, சாக்கு ஊசியால் தையுங்கள். நைலான் நூல். ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழித்துக்கொண்டு வரும். தையல் நெருக்கமாக வேண்டாம், நெருங்கினால் தபால்தலை ஓரம் மாதிரி அதுவே கிழிசலுக்கு வழி. விரற்கடை இடைவெளி.